மண்டபத்துக்கு நூறு மீட்டர்

ஜவுளிக்கடை தாஜ் முகம்மது பிறந்ததிலிருந்து சொன்ன விலைக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. ஆகவே தொல்லியல் அலுவலகத்திலிருந்து வந்த அனிஷா, "ஆத்தங்கரை மண்டபத்து எல்லையிலேருந்து நூறு மீட்டருக்குள்ள புதுசா ஒரு செங்கல் வைக்கக் கூடாது" என்றதும், அதை அவர் சட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் விலையாக எடுத்துக்கொண்டார்.

அவர் ஒன்றும் மாளிகை கட்டவில்லை. ஒரு குளியலறை, அவ்வளவுதான். மனைவி ஷரீபா பீவிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. வீட்டிலிருந்த ஒரே குளியலறையோ மாடியில். ஏறி முடிப்பதற்குள் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கொல்லையில் கடைக்கால் தோண்டிய மறுநாளே அனிஷா டேப்போடு வந்து நின்றாள்.

"மேடம், அங்கன என்ன கோபுரமா இருக்கு? நாலு கல்தூணு. அதுல மூக்கு உடைஞ்ச குதிரை. இதுக்குப் போயி நூறு மீட்டரா? அறுபதுன்னு முடிச்சுக்கிடுவோம்."

"மூக்கு உடைஞ்சதுனாலதான் அண்ணாச்சி காவலு."

"சரி, எண்பது."

"நூறு."

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், தொண்ணூறு. நீங்க அளந்ததே தொண்ணூத்தி நாலு. மிச்சம் ஒரு சேலை நீளம்! இதுக்காவ ஒரு பொம்பளையப் படி ஏத்தியே கொல்லுவியளா?"

"நானும் மணப்பாட்டு மீன் ஏலத்துல வளந்தவதான். இது ஏலம் இல்ல, அண்ணாச்சி."

தாஜ் முகம்மது கடைசி ஆயுதத்தை எடுத்தார். பேரம் படியாவிட்டால் எழுந்து போய்விடுவது. வாசலில் செருப்பைப் பைய மாட்டினார், கூப்பிடுவாள் என்று. கூப்பிடவில்லை. அது தன் வீடு என்பதே அப்போதுதான் உறைத்தது.

எரிச்சலோடு திரும்பி வந்தார். "அந்த மண்டபத்துல ஆடு கட்டுதானுவ, சீட்டு ஆடுதானுவ, மழைக்கு ஒழுகுது. அப்பல்லாம் உங்க சட்டம் எங்கன தூங்குது? எம் பொண்டாட்டி கால் கழுவப் போனா மட்டும் முழிச்சுக்கிடுதாக்கும்?"

அனிஷாவின் முகம் சுருங்கியது. "நீங்க கேக்குறது நியாயந்தான். மேலிடத்துக்கு எழுதி எழுதிப் பாத்தாச்சு." பிறகு சொன்னாள்: "புதுசா கட்டத்தான் தடை. இருக்குற வீட்டுக்குள்ள மராமத்து பாக்க மனுப் போடலாம். கீழ அறை ஏதும் இருக்கா?"

"இல்ல" என்றார் சட்டென்று.

"இருக்கு பிள்ள" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஷரீபாவின் குரல். "அடுக்களைக்கு அடுத்தாப்புல. பெருநாளைக்குன்னு வாங்கி விக்காத கைலி மூட்டையா அடைச்சு வச்சிருக்காவ."

"ஏளா, அது சரக்கு!"

"சரக்க மாடியில கொண்டு போடுங்க. அதுக்கு முழங்கால் வலிக்காது."

"பாதி அறை..." என்று ஆரம்பித்தார்.

ஷரீபா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் காலை வைத்தாள்.

"சரிளா, முழுசா எடுத்துக்கோ! இறங்கு!" என்று கத்திவிட்டு, அனிஷாவிடம் மனுவை எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

சாயங்காலம் முதல் மூட்டையோடு ஏறியவர், பாதிப் படியில் மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டார்.