கமலா வீட்டில் எத்தனை மாடு

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பத்திரிகையின் ஆண்டு மலருக்காக, நம் நாட்டு மாடுகளும் பாலும் என்று ஆயிரத்து ஐந்நூறு சொற்களில் எழுதித் தரச் சொன்னார்கள். மாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அட்டவணைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். நாட்டு மாடுகளின் வரிசை இறங்கிக்கொண்டே வருகிறது. கலப்பின மாடுகளின் வரிசை ஏறுகிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மொத்தத் தலைகள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கின்றன. பால் மட்டும் மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருக்கிறது. சினை ஊசி, தீவனம், நல்ல ரகம் என்று காரணங்களை எழுதி முடித்துப் படித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. இந்தத் தலைகளை எண்ணியது யார்? யாரோ ஒருவர் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு பதிலை நம்பித்தானே தில்லி வரைக்கும் கூட்டல் போகிறது?

போன மாதம் திருத்தணியில் ரயில் ஏறியபோது எதிர் இருக்கையில் அந்த 'யாரோ' உட்கார்ந்திருந்தாள். பெயர் சுசித்ரா. கால்நடைக் கணக்கெடுப்பில் தற்காலிக வேலை பார்த்தவள். அவள் சொன்னதுதான் இந்தக் கதையில் முக்கால் பங்கு. மிச்சக் கால் பங்கு என்ன ஆயிற்று என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'விடியற்காலைப் பனி விலக, திருத்தணி மலையின் கோபுரம் மெல்லத் தன்…'

(விட்டுவிட்டேன். சுசித்ரா அந்த வீட்டுக்குப் போனது பதினொரு மணி வெயிலில். பனியை நான்தான் கொண்டுவந்தேன்.)

இரண்டாவது:

'சுசித்ராவுக்குச் சிறு வயதிலிருந்தே மாடுகள் என்றால் உயிர். அவள்…'

(இதுவும் புளுகு. அவள் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வீட்டுப் பெண். மாடு தலையை ஆட்டினாலே இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுகிற ஆள். மாடு எண்ணும் வேலைக்கு ஏன் போனாய் என்று கேட்டேன். "எண்றதுக்கு கிட்ட போவத் தேவையில்லன்னாங்க சார்" என்றாள்.)

மூன்றாவது தொடக்கத்தை அவளே சொன்னாள். அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

3

பரந்தாமன் நாலு என்றார். கமலா மூன்று என்றாள். இரண்டு பதிலும் ஒரே சமயத்தில் வந்தன.

சுசித்ரா போனில் வைக்கப்போன விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். இடம் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில், கரும்புக் கொல்லைகளை ஒட்டிய ஒரு ஊர். கேள்விகள் எல்லாம் போனில் வரிசையாக வரும். வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றுபோல ரெண்டு என்று சொல்லியிருந்தார்கள். மகள் பிரபாவதியை நகரியில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதுவரைக்கும் வழுக்கிக்கொண்டு போன வேலை மாட்டில் வந்து நின்றது.

கொட்டகையில் நான்கு மாடுகள் நின்றன. அவ்வளவு தூரம் சுசித்ராவுக்கு எண்ண வரும்.

"நாலு நிக்குதேக்கா?"

"நிக்கறது நாலு. நம்முளுது மூணு" என்றாள் கமலா.

"இன்னாமே ஒளர்ற?" என்றார் பரந்தாமன். "கண்ணெதிர்ல நின்னுகினு கீது. நீ நாலுன்னே போட்டுக்கோம்மா."

"நீ போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுய்யா. பொம்பளைங்க பேசிகினு கீறோம்ல."

பரந்தாமன் சண்டைக்கு நிற்கிற ஆள் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி கொட்டகைப் பக்கம் போனார். அவர் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பதை சுசித்ரா அப்போதுதான் கவனித்தாள்.

4

கமலா குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்.

"ஏழு வருசம் ஆவுதும்மா. கரும்புக்குத் தண்ணி கட்டப் போனாரு, விரியன் கடிச்சிட்ச்சி. நாலு நாளு கண்ணே தொறக்கல. ஆஸ்பத்திரியில இங்க கையெழுத்து போடு, அங்க போடுன்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. வராண்டாவுல நின்னுகினு மலை இருக்கிற பக்கம் பாத்து கும்பிட்டேன். அப்போ பெரிய மாடு செனையா இருந்தது. 'முருகா, இந்தாள எனக்கு வுட்டுடு. பொட்டக் கன்னு போட்டா அத்த உனக்கு வுட்டுடறேன்'னு வேண்டிகினேன்."

"அப்புறம்?"

"மறுநாளு கண்ணு தொறந்தாரு. ரெண்டு மாசத்துல பொட்டக் கன்னே போட்டுது."

அந்தக் கன்றுக்கு வள்ளி என்று பெயர் வைத்தாள். ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் துணியைக் கழுத்தில் கட்டி, மலையடிவாரம் வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள். பூக்காவடிகளும் மேளமும் நெரிகிற கூட்டத்தில், சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் கன்று படுத்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள், புல்லைக் காட்டிப் பார்த்தாள். அது எழுந்திருக்கவே இல்லை.

"சரி, இப்போ வாணாம், கொஞ்ச நாளு நீயே வளத்து வையின்னு சாமி சொல்லுதுன்னு ஓட்டிகினு வந்துட்டேன். அதுலேருந்து அது சாமி மாடு. நான் வளக்கறேன், அவ்ளோதான்."

(இந்த இடத்தில் எனக்குக் கமலாவின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கன்று நிஜமாகவே படுத்ததா? அல்லது மலையடி வரைக்கும் போன பிறகு கன்றின் முகத்தைப் பார்த்து அவளுக்கு மனசு வரவில்லையா? வள்ளி இன்று வேளைக்கு ஏழு லிட்டர் கறக்கிற மாடு. ரயிலில் சுசித்ராவிடம் இதைக் கேட்டேன். "அந்தக்கா கண்ணுல தண்ணி நிக்குது சார். அப்போ போயி கன்னு மெய்யாவே படுத்துதான்னு கேப்பாங்களா?" என்று என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. சந்தேகத்தை எடுத்துவிடலாமென்று நினைத்தேன். ஆனால் அது வந்தது நிஜம் என்பதால் அடைப்புக்குறிக்குள் விட்டுவைக்கிறேன்.)

"அண்ணாவுக்குத் தெரியாதாக்கா?"

"யாருக்காவ வேண்டிகினோமோ அவங்க காதுல போடக்கூடாது. அத்தவுடு. உன் போன்ல அது என் மாடுன்னு ஏறிட்டா இன்னா அர்த்தம்? சாமி மாட்ட நான் எடுத்துகினேன்னு கவுருமெண்டுலயே எழுதினா மாதிரி ஆயிடும். அப்பறம் சாமி சும்மா இருக்குமா? குடுத்தத திருப்பிக் கேக்கும்."

சொல்லிவிட்டுக் கமலா கொட்டகைப் பக்கம் பார்த்தாள். பரந்தாமன் குனிந்து தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு மாட்டைக் கூட்டுவதும் ஒரு ஆளைக் கழிப்பதும் ஒன்று என்பது சுசித்ராவுக்கு அப்போது புரிந்தது. 

5

சுசித்ரா நல்ல பெண். உதவி செய்யத்தான் பார்த்தாள்.

வள்ளிக்கு மட்டும் உரிமையாளர் பெயரை முருகன் என்று போட்டுவிடலாமா என்று யோசித்தாள். தட்டிக்கூடப் பார்த்தாள். போன் அடுத்த கேள்விக்குப் போனது: வயது. அதற்கடுத்து: கைபேசி எண். கமலாவும் எட்டிப் பார்த்துவிட்டு, "அவருக்கு ஏதும்மா போனு?" என்றாள். சுசித்ரா அழித்துவிட்டாள்.

"சரிக்கா, மூணுன்னே போட்டுடறேன். பெரிசு ஒண்ணு. இந்தச் செவப்பு ரெண்டும் எப்போ வாங்கினது?"

"வாங்கினது இல்லம்மா. வள்ளி போட்டதுங்க. மூத்தது கறவை, சின்னது செனை."¹

"அப்போ அதுங்களும் சாமியோடதுதானேக்கா?"

கேட்டிருக்கக் கூடாது என்று வாய் மூடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏழு வருடமாகக் கமலா இந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. தாய் சாமிக்கு என்றால் அது ஈன்றது யாருக்கு? அவள் முகத்திலிருந்த நிறம் போய்விட்டது. கொட்டகையை ஒரு தடவை, சுசித்ராவை ஒரு தடவை பார்த்தாள்.

"அப்போ நம்முளுது ஒண்ணுதானா?" என்றாள்.

இங்கே கட்டுரை எழுத வந்தவன் கொஞ்சம் குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்தில் அந்த வீட்டு மாடுகள் நாலிலிருந்து மூன்றாகி, மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டன. ஒரு மாடும் சாகவில்லை, விற்கப்படவில்லை, கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை. கமலா சங்கத்தில் ஊற்றுகிற பால் மட்டும் அன்றைக்கும் இருபத்தாறு லிட்டர்தான். நாலு மாடு என்றால் தலைக்கு ஆறரை லிட்டர். ஒரு மாடு என்றால் தலைக்கு இருபத்தாறு! அந்தக் கிழட்டுப் பெரிய மாடு நிஜத்தில் கறப்பது வேளைக்கு இரண்டு லிட்டர். அட்டவணையில் அது வெளிநாட்டு மாடுகளோடு போட்டிக்கு நிற்கும். என் அட்டவணைகளில் தலைகள் நின்ற இடத்தில் நிற்க, பால் மட்டும் ஏறுவதற்கு எத்தனை கமலாக்கள் காரணம் என்று எனக்கு ஆசையாக ஒரு கேள்வி வந்தது. (ஒருவேளை யாருமே இல்லை. சினை ஊசியும் தீவனமும்தான் காரணம். ஆனாலும் கேள்வி நன்றாக இருக்கிறது.)

¹ வள்ளி ஈன்ற காளைக் கன்றுகள் எங்கே என்று நானும் சுசித்ராவிடம் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எந்த ஊரில் கேட்டாலும் இப்படித்தான் திரும்பிக்கொள்கிறார்கள். அது வேறு கதை, இதைவிடக் கஷ்டமான கதை.

6

காலி வாளி தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. பரந்தாமன் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

'அவர் கண்கள் கலங்க, உதடுகள் துடிக்க…'

(இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லையாம். சிரித்தாராம்.)

"ஊசி போட்டுப் பொழச்சேன்னுல்ல நெனச்சிகினு கீறேன்" என்றார். "வள்ளிக்குப் பதிலா என்ன மீட்டுகினு வந்தியா நீ?"

கமலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பேசின மாதிரி கன்ன குடுக்கல. அதானே?"

"அது படுத்துகிச்சிய்யா. நான் இன்னா பண்றது" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"சரி வுடு. அழுவாத." அவர் காலை இழுத்துக்கொண்டு வந்து சுசித்ராவுக்கு எதிரில் குந்தினார். "இந்தாம்மா பொண்ணு. கன்ன குடுத்திருந்தா கன்னு சாமிது, நான் இவளுது. குடுக்கலியே. அப்போ மாடு இவளுது, நான் சாமியோடது. இதுதானே ஞாயம்? மாடு நாலுன்னு இவ பேர்லயே போடு. மொதல்ல கேட்டியே, வீட்ல எத்தினி பேருன்னு? அத்த ஒண்ணாக்கிடு."

"ஐயோ, அப்படி எல்லாம் போட முடியாதுண்ணா."

"ஏன் முடியாது? முருகனுக்குப் போன் நம்பர் இல்லன்னு மாட்ட போட முடியல. எனக்கு நம்பர் கீது. அவரு எடத்துல கீற ஆளு, இங்க சோறு துன்னுகினு மாடு மேய்ச்சிகினு கீறேன்னு வெச்சிக்கோ. அவரு கேக்கறப்போ போவேன். ஏழு வருசமா அவரும்தான் கேக்கலியே."

கமலா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வாயக் கழுவுய்யா" என்றாள். அடித்த கையை அப்புறம் எடுக்கவில்லை. தோளிலேயே வைத்திருந்தாள்.

சுசித்ராவின் போனில் இரண்டு கட்டங்கள் காலியாக நின்றன. பரந்தாமன் சொன்னதற்காக முதல் கேள்விக்குத் திரும்பிப் போனதில் பழைய பதில் அழிந்துபோயிருந்தது. ஒருமுறை அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்று போன் எச்சரித்தது. மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள்.

7

"என்ன போட்டே?" என்று கேட்டேன்.

அதற்குள் மணவூர் வந்துவிட்டது. அங்கே வண்டி ஒரு நிமிடம்தான் நிற்கும். அவள் பையைத் தூக்கிக்கொண்டு, "அது பெரிய கத சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். கையை ஆட்டினாள். எத்தனை விரல் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், மறுநாளே கமலா வள்ளியை மலைக்கு ஓட்டிக்கொண்டு போகிறாள். பாக்கி தீர்கிறது, எல்லோரும் நிம்மதியாகிறார்கள். எழுதும்போது நன்றாகத்தான் வந்தது. ஆனால் வள்ளி சரவணப் பொய்கையை நெருங்கியதும் என் பேனா நின்றுவிட்டது. அது மறுபடி படுத்துக்கொள்ளும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இன்னொன்றில், சுசித்ரா மாடு நாலு, ஆள் இரண்டு என்று உள்ளதை உள்ளபடி அனுப்புகிறாள். இதுதான் சரி என்று என் புத்தி சொல்கிறது. என்னைப் படிக்க வைத்தவர்களும் அதையே சொல்வார்கள். ஆனால் அந்த வரியை எழுதிய அன்று முழுக்க, பரந்தாமன் நன்றாக இருக்கிறாரா என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவர் கரும்புக் கொல்லைப் பக்கம் போகும்போதெல்லாம் கீழே பார்த்து நடக்க வேண்டுமே என்று தவித்தேன். சாமியை நம்பாதவன் நான். ஆனாலும் அந்த வரியை அடித்துவிட்டேன்.

அதனால் போனை உங்கள் கையில் கொடுக்கிறேன். வெயில் ஏறுகிறது. சுசித்ராவுக்கு இன்னும் பதினேழு வீடு இருக்கிறது. கட்டங்கள் இவை:

வீட்டில் உள்ளவர்கள்: ……

மாடுகள்: ……

நீங்கள் போடும் எண்தான் தில்லிக்குப் போகும். ஆண்டு மலர் கட்டுரைக்கும் அதையே எடுத்துக்கொள்கிறேன். அவசரமில்லை, யோசித்தே போடுங்கள். கமலா உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டாள். அவள் திரையைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.