ஆற்றோடு விட்ட வேட்டி

காலையிலேயே நெல்லையப்பர் கோயிலைப் பார்த்து முடித்துவிட்டார்கள். இசைத்தூணில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள் சித்ரலேகா. சேலத்துக்காரி. கல்யாணமாகி நாலு வருஷத்தில் புருஷனின் ஊரை இப்போதுதான் பார்க்கிறாள். அல்வாக்கடை வரிசையில், "உங்க ஊர்ல இனிப்புக்குக்கூட வேர்க்கணுமா?" என்று கேட்டு, முன்னால் நின்றவரையும் சிரிக்க வைத்தாள்.

சிவகணேஷுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவதில் சந்தோஷம்தான். ஆனால் வந்த காரியம் வேறு. இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. தாமிரபரணியில் முழுகி, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் தோஷம் கழியும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார்.

படித்துறைக்கு வந்ததும் ஆட்டோக்காரர் முகம்மது சுல்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீய. துணிய மட்டும் உள்ள விட்டுராதீய. அடியில பூரா சேலையும் வேட்டியுமாத்தான் கெடக்கு. கால்ல சுத்திக்கிடும்."

"ஒத்த வேட்டியிலயா வே ஆறு கெட்டுப்போவுது?"

"வாரவுக எல்லாரும் ஒண்ணுதான் விடுதாவ."

சிவகணேஷ் கேட்கவில்லை. முழுகி எழுந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, வேட்டியை ஆற்றோடு விட்டான். விட்டபின் திரும்பிப் பார்க்காமல் படியேற வேண்டும், அதுதான் முறை. சித்ரலேகா இன்னும் இழுப்புள்ள இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள்.

நாலாம் படியில் கால் வைத்தபோது, "ஏங்க!" என்று அவள் குரல். காலையிலிருந்து விளையாட்டுக் காட்டுகிறவள், தன்னைத் திரும்ப வைக்கப் பார்க்கிறாள் என்று சிரித்துக்கொண்டான். "ஏங்க!" மறுபடியும். அப்புறம் குரல் இல்லை.

மேலேயிருந்து சுல்தான்தான் செருப்போடு பாய்ந்தார். கல்லிடுக்கில் மாட்டியிருந்த துணியைப் பிய்த்து அவளைத் தூக்கிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு கணுக்காலிலும் ஒரு பழைய சேலை, சேறு ஏறி, மூன்று சுற்று. யாரோ என்றைக்கோ விட்டது.

"மூச்சு இருக்கா வே? சொல்லும்!"

சுல்தான் தோள் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார்.

கூட்டம் கூடிற்று. விவரம் தெரியாத ஒருவர் ஓரமாய் இறங்கித் தன் வேட்டியை அவிழ்க்கப் போனார். சிவகணேஷ் ஈரத் துண்டோடு ஓடி அவர் கையைப் பிடித்தான்.

"விடாதீய ஐயா. நாம விட்டது எங்கயும் போவாது. அடியிலேயே கெடந்து அடுத்தவுக உசிரப் புடிக்கும். இன்னொருத்தர் வீட்ட அழிச்சுத்தான் நம்ம தோஷம் கழியும்னா, அது கழியவே வேண்டாம். எம் பொண்டாட்டி ரெண்டு தடவ கூப்பிட்டா ஐயா... நான் திரும்பிப் பாக்கல."