படுத்துக்கொண்ட கொடி

எங்கள் மில்வாக்கியில் கோடைக்காலத்தில் தெருவிழா இல்லாத வாரம் கிடையாது. இத்தாலி விழா, ஜெர்மன் விழா, போலந்து விழா, ஐரிஷ் விழா. ஆட்கள் அதே ஆட்கள்தான், தொப்பி மட்டும் மாறும். அத்தனையையும் படம் பிடிப்பவள் நான், டோரிஸ் காமின்ஸ்கி. என் படங்களில் ஒரே மனிதர் நான்கு நாட்டுக்காரராக இருப்பார்.

ஜூலையில் பிரெஞ்சு தேசிய நாள் வரும். ஊரில் இருக்கும் அசல் பிரெஞ்சுக்காரர்களை ஒரு வேனில் அடைத்துவிடலாம். அதனால் என்ன, மூன்று தெருக்களை மறித்து நடுவில் ஒரு குட்டி ஈஃபில் கோபுரத்தை நிறுத்திவிடுவோம். விழாத் தலைவர் வெர்ன் ஸீபார்த், வருஷம் முழுக்கக் குளியலறைக் குழாய் விற்பவர். அந்த வாரம் மட்டும் பிரெஞ்சு மரியாதையோடு ‘மொஸ்யோ ஸீபார்’. எல்லோர் பெயரையும் பிரெஞ்சாக்கி, அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடுவார். ரொட்டிக்குள் தொத்திறைச்சி வைத்து விற்கும் ஹாங்க் ‘ஆன்றி’ ஆகிவிட்டான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. விழாச் சுவரொட்டியில் வருஷா வருஷம் என் படம்தான் வருகிறது, என் பெயர் வந்ததில்லை. அச்சடித்தவன் பெயர் வரும், பீர் கொடுத்தவன் பெயர் வரும். அடுத்த வருஷச் சுவரொட்டியிலாவது வர வேண்டும் என்று இந்த முறை சண்டையே போட்டேன்.

"பார்த்ததும் கண்ணு கலங்குற மாதிரி ஒரு படம் குடுங்க மதாம். உங்க பேரைப் பெரிசாவே போடுறேன்" என்றார் ஸீபார்த்.

அதற்காகக் காலையிலேயே போய்க் கேமராவைத் தூக்கினேன். தெரு முழுக்கக் கொடி. பிரெஞ்சுக் கொடியில் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். இங்கே படுத்திருந்தன. மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே நீலம். அது ஹாலந்து நாட்டுக் கொடி. கேமராவைச் சாய்த்துப் பார்த்தேன். பிரான்ஸ் சரியாகிவிட்டது, ஜனங்கள்தான் சுவரில் நடந்தார்கள்.

"ஸீபார்த், கொடியெல்லாம் படுத்துக் கெடக்கு. இது ஹாலந்து."

"மூணு கலரும் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? இந்த வெயில்ல கொடி கொஞ்சம் படுக்கக் கூடாதா? போய் வேலையைப் பாருங்க மதாம்."

பார்த்தேன். சிகாகோவிலிருந்து பிரெஞ்சு அரசாங்கத்தின் சார்பில் ஓர் அம்மாள் வந்தார். அண்ணாந்து பார்த்தார், பிரெஞ்சில் ஏதோ சொன்னார், கைக்குட்டைக்குள் சிரித்தார். ஸீபார்த்துக்குத் தெரிந்த பிரெஞ்சு, நன்றி சொல்லும் ‘மெர்ஸி’யோடு முடிந்துவிடும். அதை மூன்று தரம் சொன்னார்.

அப்போதுதான் சீஸ் கடைக்குப் பக்கத்தில் நின்ற அந்த நெட்டை மனிதரைக் கவனித்தேன். கெரிட் ஹூவெலிங்க், ஹாலந்துக் குடும்பம், வடக்கே மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். எங்கள் விழாவின் ‘அசல் பிரெஞ்சு சீஸ்’ அவர் பண்ணையில் பிறந்ததுதான். பெட்டி இறக்க வந்தவர், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"எங்கப்பா சவப்பெட்டி மேல போர்த்த இந்தக் கொடியை ஊரெல்லாம் தேடினேம்மா, கெடைக்கல. இன்னைக்குப் பாரு, தெருவே போர்த்திக்கிட்டு நிக்குது. யாரும்மா செஞ்சது?"

வாய் வரை வந்த கிண்டலை விழுங்கினேன்.

"விழாக்காரங்களுக்குத் தானாத் தோணி செஞ்சதுதாங்க" என்றேன். பொய் இல்லையே. பிறகு அவரைக் கேட்டுக்கொண்டு படம் எடுத்தேன். அதைவிட நல்ல படத்தை நான் எடுத்ததில்லை.

ஸீபார்த் அதைப் பார்த்துத் துள்ளினார். "ஆகா, அந்தக் கண்ணைப் பாருங்க! பிரெஞ்சுக்காரன்னா இப்படி இருக்கணும்!"

"அவர் ஹாலந்துக்காரர். அந்தக் கொடியும்..."

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? பேரு வேணுமா, வேணாமா?"

படத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். எனக்குப் பெயர் வேண்டும்.

அடுத்த கோடையில் சுவரொட்டி வந்தது. கெரிட் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஸீபார்த்தும் சொன்ன சொல் தவறவில்லை, பெரிசாகத்தான் போட்டிருந்தார்: ‘படம்: மதாம் டொரீன் கமான்ஸே’.

ஹாங்க் தொத்திறைச்சியைத் திருப்பிப் போட்டபடி என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"என்ன டோரிஸ், உன்னைக் கழட்டி விட்டுட்டு எவளோ பிரெஞ்சுக்காரியைப் பிடிச்சுட்டாங்க போல? ஆனா சும்மா சொல்லக் கூடாது, உன்னைவிட நல்லாவே எடுத்திருக்கா."