ஈரத்தில் காயும் வளையல்

அக்காவின் புருஷன் மறுபடியும் ஈரத்துண்டோடு பட்டறை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருக்கிறது. இந்த நேரத்தில் மனுஷனுக்கு அங்கே என்ன வேலை?

தங்கைக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. பிறவிக் குணம். அக்கா அவளை 'சிஐடி' என்றுதான் கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிட்டும் இரண்டு மாசமாகிறது.

எல்லாம் ஒரு வளையலால் வந்த வினை. அக்கா சிப்பியையும் வெள்ளிக் கம்பியையும் வைத்து நகை செய்கிறவள். கடல் என்றால் பைத்தியம். ஜப்பான்காரர்கள் வரைகிற மாதிரி, அடுக்கடுக்காக அரைவட்ட அலைகள் இழைப்பாள். தங்கையின் பிறந்தநாளுக்கு அப்படி ஒரு சிப்பி வளையல் கொண்டுவந்தாள்.

"தங்கத்துல ஏதாவது தருவேன்னு பாத்தா, கிளிஞ்சல் பொறுக்கிட்டு வந்திருக்கே" என்று இவள் அதை மேஜைமேல் விட்டெறிந்தாள். உடைந்துவிட்டது. அக்கா வாயே திறக்காமல் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள். அப்புறம் இவளும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. நேற்று நெஞ்சுவலி. கோபத்தோடேயே போய்விட்டாளோ என்ற நினைப்பு இவளை அரித்துக்கொண்டிருந்தது.

இப்போது அக்காவின் காதும் கழுத்தும் மூளியாக இருந்தன. உள்ளே டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. ஓஹோ, நகையை ஒதுக்குகிறாரா?

அவர் வெளியே வந்தார்.

"உள்ள என்ன மாமா?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா கதவைச் சாத்துறீங்க?"

"வண்டி வந்துடுச்சான்னு பாக்கறேன்" என்று வாசலுக்கு நழுவினார்.

அவள் உள்ளே நுழைந்தாள். அக்காவின் செயினும் தோடும் மேஜைமேல் ஒரு கிண்ணத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தன. அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மேஜைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. திறந்தாள். ஈரத்துண்டுக்கு நடுவே ஒரு குச்சியில் மாட்டியபடி அவளுடைய வளையல். உடைந்த இடங்களை அரக்கு வைத்து ஒட்டி, மேலே தங்கத்தூள் தூவியிருந்தது.

"தொடாதே." அவர் பின்னால் நின்றார். "ஜப்பான் அரக்காம், இன்னும் காயல. ஈரத்துலதான் காயுமாம். துண்டு உலராமப் பாத்துக்கோங்கன்னு முந்தாநாள் சொன்னா. சிஐடி வந்தா மூச்சு விடக்கூடாதுன்னும் சொன்னா."

அவள் வளையலில் படாமல் துண்டை மட்டும் தொட்டுப் பார்த்தாள்.

"வண்டி வந்துடுச்சும்மா."

துண்டு நன்றாக நனைந்துதான் இருந்தது. இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், மறுபடி நனைத்துப் பிழிந்து, வளையலைச் சுற்றி வைத்து டப்பாவை மூடினாள். அப்புறம்தான் கூடத்துக்குப் போனாள்.