மலைக்கு மாவுக்கட்டு

அண்ணன் இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவர். கை, கால், கழுத்து என்று அவர் கட்டாத எலும்பு கிடையாது. ஆனால் மலைக்குக் கட்டுப் போட்டது அந்த ஒரு தடவைதான்.

மலை அவருடைய தங்கச்சியின் கைவேலை. அவள் சிற்பி. ஆதியில் மலைகளுக்கெல்லாம் இறக்கை இருந்ததாம். இஷ்டத்துக்குப் பறந்துபோய் ஊர்கள் மேல் உட்கார்ந்தனவாம். பொறுக்கமாட்டாமல் இந்திரன் இறக்கைகளை வெட்டிவிட்டானாம். அதில் தப்பிய ஒரு மலை, இறக்கை ஒடிந்து எங்கேயோ கிடந்தால் எப்படி இருக்கும் என்பது இவள் கற்பனை. கம்பி வலையும் காகிதக்கூழுமாக ஆள் உயரத்துக்கு அதை எழுப்பிக்கொண்டிருந்தவள், கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தாள். கேட்டவர்களிடம் மலையிலிருந்து விழுந்தேன் என்று சொன்னாள். விழுந்தது மூன்றாவது படியிலிருந்து.

வலது மணிக்கட்டு முறிந்தது. டாக்டர் எலும்பை நேராக்கிவிட்டு, "எலும்பு கூடிடும். நரம்புதான் நசுங்கியிருக்கு. கட்டைவிரல் அசையுமான்னு ஆறு வாரம் கழிச்சுப் பிரிச்சுப் பார்த்தாதான் தெரியும்," என்றார். கட்டைவிரல் ஒத்துழைக்காவிட்டால் கம்பி வளைக்க முடியாது, உளி பிடிக்க முடியாது. அண்ணன் விரலையும் சேர்த்துக் கட்டினார். மாவு இறுகுகிற சூட்டில் அவள் முகத்தைச் சுளித்தாள்.

சாயங்காலமே அவரைக் கலைக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இறக்கைக்கு நீதான் கட்டுப் போடணும்ணா. நான் ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"எக்ஸ்ரே எடுத்தாச்சா?" என்று கேட்டார் அண்ணன்.

அவருக்குச் சாமி, புராணம், கற்பனை எதிலும் பிடிப்பு கிடையாது. கட்டு என்றால் கட்டு. பஞ்சைச் சுற்றினார். மாவுத்துணிச் சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி அடங்கும்வரை முக்கி எடுத்தார். பதினெட்டுச் சுருள் ஆனது. முடித்ததும் கைப்பழக்கத்தில் பென்சிலை எடுத்து, ஈரம் காய்வதற்குள் கொட்டை எழுத்தில் எழுதியும் விட்டார்: 'பிரிக்கும் தேதி 14.' தங்கச்சி கையிலும் காலையில், ஆறு வாரம் கழித்து வரும் அந்தத் தேதியைத்தான் எழுதியிருந்தார்.

கண்காட்சி திறந்த அன்று பத்திரிகை விமர்சகர் ஒருவர் அந்தத் தேதிக்கு எதிரே அரை மணி நேரம் நின்றார். நம்பிக்கைக்குக் கெடு வைத்த முதல் சிற்பம் இதுதான் என்று மறுநாள் எழுதினார். தங்கச்சி இடது கையால் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழிச்சிடட்டுமா?"

"கையை வச்சா தொலைச்சுடுவேன். கூட்டம் வருதுண்ணா."

கூட்டம் வரத்தான் செய்தது. பதினாலாம் தேதி மலை பறக்குமா என்று கேட்டது. ஒரு பெரியவர், பறந்தால் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுத் தன் வீட்டுத் திசையையும் சொல்லி வைத்தார். கலைக்கூட நிர்வாகி அம்மாள், எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய ஜன்னலின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடச் சொன்னார்.

அண்ணனுக்கு மலையைப் பற்றிக் கவலையில்லை. அசையாத விரல்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பிரித்ததும் நோயாளி முதலில் விரலைப் பார்ப்பார், அப்புறம் இவரைப் பார்ப்பார். தங்கச்சியும் அப்படிப் பார்த்தால் என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை.

பதின்மூன்றாம் தேதி எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பு கூடிவிட்டது, நீங்களே பிரித்துவிடலாம் என்றார். மறுநாள் காலை அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் அவள் வரவில்லை.

"முதல்ல மலை. அப்புறம்தான் நான்."

கட்டு வெட்டும் மின்ரம்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். உள்ளே எழுபது பேராவது இருப்பார்கள். ரம்பத்தை ஓடவிட்டு, வழக்கம்போலத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"பயப்படாதீங்க. தோலை வெட்டாது."

மலை பயப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கீறி, மாவுக்கட்டைப் பிளந்து எடுத்தார். அடுத்த வார்த்தையும் தானாக வாயில் வந்துவிட்டது.

"மெதுவா அசைச்சுப் பாருங்க. முதல்ல வலிக்கத்தான் செய்யும்."

யாரும் சிரிக்கவில்லை. எழுபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கையையே பார்த்தார்கள்.

பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்த தங்கச்சி கையை நீட்டினாள். "இப்ப எனக்கு."

வெட்டினார். உள்ளே கை சூம்பி, தோல் உரிந்து கிடந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதை விட்டுவிட்டு ரம்பத்தின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். அவளே தன் விரலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

"மெதுவா அசைச்சுப் பாருங்க. முதல்ல வலிக்கத்தான் செய்யும்."

விரல் கிடந்தது. கிடந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு நெல்மணி அளவு உள்பக்கமாக மடங்கியது. வலியில் அவள் "அம்மா" என்றாள். அண்ணன் மாவு படிந்த கையால் கண்ணைத் துடைத்து, மாவும் கண்ணுக்குள் போய், இன்னும் நன்றாக அழுதார்.

பின்னால் நின்றிருந்த விமர்சகர் இறக்கையை விட்டுப் பார்வையை எடுக்காமலே அவர் தோளைத் தொட்டார்.

"நுனி லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சே. பார்த்தீங்களா?"

"நான் அந்தப் பக்கம் பார்க்கல சார்," என்றார் அண்ணன்.