கட்டைவிரலுக்கு இரண்டு வாரம்

சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுற்றிப் பன்னிரண்டாவது புள்ளியை வைத்தபோது, மணிக்கட்டுக்குள் யாரோ கம்பியைச் சுண்டிவிட்டதுபோல் வலி முழங்கை வரை ஓடியது. அவள் மவுஸை விடவில்லை. புள்ளிகளை இணைத்துச் சக்கரத்தை மூடிவிட்டு, அதன் பின்னால் நின்ற விளக்குக் கம்பத்துக்குப் போனாள். ஓடும் காரிலிருந்து எடுத்த தெருப்படங்கள் அவை. படத்தில் இருக்கும் மனிதர், வண்டி, கம்பம், குப்பைத்தொட்டி என ஒவ்வொன்றையும் சுற்றிப் புள்ளி வைத்து, இது இன்னது என்று பெயர் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகும் கார்கள் அவற்றைப் பார்த்துத்தான் தெருவைக் கற்றுக்கொள்ளுமாம். மணிக்குத் தொண்ணூறு படம். திரையின் மூலையில் எண்ணிக்கை பச்சையாக இருக்கும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் சிவந்துவிடும்.

அந்தக் கூடத்தில் நாற்பது மேசைகள். எல்லோருக்கும் அவள் புயலக்கா. ஆறு வருடங்களுக்கு முன், சேர்ந்த புதிதில், ஒரு மணி நேரத்தில் நூற்றுப்பத்துப் படம் முடித்ததால் வந்த பெயர். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால், பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

"என்னக்கா, புயல் கரையைக் கடந்துடுச்சா?" என்றாள் பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரி.

"எங்கடி கடக்கிறது? நடுக்கடல்லயே நின்னு சுத்துது."

கண்ணாடிக்காரி சிரித்துவிட்டு, அவளுடைய மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

பட்டையைக் கொடுத்த டாக்டர் ஒரு கடிதமும் கொடுத்திருந்தார். இந்தக் கைக்கு ஓய்வு தேவை, இல்லையேல் வேறு வேலை தருக என்று இரண்டே வரி. அதை அவள் அலுவலகத்தில் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மற்றவர்கள் வரைந்த படங்களைச் சரியா தவறா என்று பார்க்கும் செக்கிங் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே மவுஸ் வேண்டாம். கீபோர்டில் இரண்டு பொத்தான் போதும். அந்த நாற்காலியைக் கடந்துபோகும்போதெல்லாம், அதன் முதுகில் யாராவது துண்டையோ பையையோ மாட்டிவிட்டார்களா என்று பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

அன்று பதினொரு மணிக்கு டீம் லீடர் ஒரு சிறிய அட்டைப்பெட்டியோடு வந்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன். பிறர் முன்னால் அவனை சார் என்பாள். தனியாக இருந்தால் தம்பி.

"அக்கா, உங்க லெட்டருக்கு ஒரு வழி பண்ணியாச்சு." பெட்டியைத் திறந்தான். உள்ளங்கைக்கு அடங்கும் கறுப்புச் சாதனம். இடது விலாவில் நெல்லிக்காய் அளவு சிவப்புப் பந்து. "டிராக்பால். வயரே கிடையாது. கை ஒரே இடத்துல கிடக்கும், கட்டைவிரலால உருட்டினாப் போதும். ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்து ஃபாரம் நிரப்பிக் கொடுங்க. மேலிடத்துல அவங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்தது."

"ஒத்துவரலைன்னா சார்?"

"ஒத்துவரலைன்னா செக்கிங்தான். அந்த சீட்டை உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்." குரலைத் தாழ்த்தினான். "ஆனா கவுண்ட் தொண்ணூறுக்குக் கீழ போயிடக் கூடாதுக்கா. அது வேற ரிப்போர்ட். அதுல நான் கை வைக்க முடியாது."

அவன் போனதும் கண்ணாடிக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, ஒத்தக்கண்ணுத் தவளை மாதிரி உக்காந்திருக்கு?"

அவள் பெட்டியிலிருந்த தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். எதையும் அப்படிப் படித்துத்தான் அவளுக்குப் பழக்கம். வாரம் ஒருமுறை பந்தை வெளியே தள்ளி, அது உட்காரும் குழியைச் சுத்தம் செய்யவும் என்று போட்டிருந்தது.

முதல் நாள் மணிக்கட்டு வலிக்கவில்லை என்பது உண்மை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கணவனிடம் அதைச் சொல்லவும் செய்தாள். மூன்றாம் நாள் கட்டைவிரலின் அடிமூட்டில் ஒரு சூடு தெரிந்தது. பந்து நீண்ட தூரத்துக்கு நன்றாக ஓடியது. சைக்கிள் கம்பியின் ஓரத்தில், குழந்தையின் செருப்பில், ஒரு மயிரிழை நகர வேண்டிய இடத்தில்தான் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு படத்துக்கு முப்பது நாற்பது புள்ளி; ஒவ்வொரு புள்ளிக்கும் கட்டைவிரல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான்காம் நாள் எண்ணிக்கை எழுபத்தொன்று. மூலையில் சிவப்பு.

டீம் லீடர் எங்கே இருக்கிறான் என்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு இழுப்பறையிலிருந்து பழைய மவுஸை எடுத்துச் செருகி, இடது பக்கம் கைப்பையின் மறைவில் வைத்துக்கொண்டாள். திரையிலிருந்த அம்பை இடது கை நகர்த்தியது. டிராக்பாலின் பொத்தானை வலது கை அழுத்தியது. கட்டைவிரல் பந்தின் மேல் சும்மா, பார்ப்பவர்களுக்காக, இருந்தது. இடது கைக்கு வராத வேகத்தை ஈடுகட்ட டீ இடைவேளையில் எழுந்திருக்கவில்லை. மதியம் ஐந்தே நிமிடத்தில் சாப்பிட்டு வந்தாள். டீம் லீடர் வரும்போது மட்டும் இடது கையை மடியில் போட்டுக்கொண்டு கட்டைவிரலால் உருட்டினாள். அவன் அடிக்கடி வந்தான்.

இதில் ஏமாற்று ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. கவுண்ட் ஒரு ரிப்போர்ட், சாதனம் வேறொரு ரிப்போர்ட் என்று அவனே சொல்லியிருந்தான். கவுண்டைக் காப்பாற்றிக்கொண்டு, சாதனத்தைப் பற்றி ஃபாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டால் செக்கிங் நாற்காலி கிடைத்துவிடும்.

இரண்டாவது வாரம் ஒருநாள் காலையில் மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தபோது கட்டைவிரல் மடங்க மறுத்தது. மூன்றாவது சுற்றில் பின்னல் நழுவி அவிழ்ந்தது.

"அம்மா, மணி அடிச்சுடுவாங்கம்மா!"

அச்சகத்தில் பைண்டராக இருக்கும் கணவன் பல் துலக்கிக்கொண்டிருந்தவன், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சீப்பை வாங்கினான். "தள்ளு. நானூறு பக்கப் புத்தகத்தையே தைக்கிறேன், இந்த மூணு இழை என்ன பிரமாதம்?"

"அப்பா, பசை எல்லாம் போட்டுடாதீங்க," என்றாள் மகள்.

அவன் பின்னிய பின்னல் புத்தக முதுகைப்போல் இறுக்கமாக, நேராக இருந்தது. மகள் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள். அவன் மனைவியின் விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"இப்படி வீங்கியிருக்கே. வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"வெள்ளிக்கிழமை ஃபாரம் இருக்குங்க. அதுல எழுதிடுவேன்."

வெள்ளிக்கிழமை டீம் லீடர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். பிடிப்பு, வசதி, வேகம், துல்லியம், வலிக்குறைவு என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'மோசம்' முதல் 'மிக நன்று' வரை ஐந்து கட்டங்கள்.

"நீங்க படிச்சவங்கக்கா. பார்த்துப் போடுங்க. இது நல்லபடியா முடிஞ்சா மேலிடத்துல என் பேரைச் சொல்வாங்க."

அவன் மனைவிக்கு இது எட்டாவது மாதம் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு மனிதர் முகத்துக்கு நேரே அவர் கொண்டுவந்ததை மோசம் என்று சொல்ல அவளுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. ஐந்திலும் 'மிக நன்று' என்று குறித்தாள். அடியில் 'இதர குறிப்புகள்' என்றிருந்த கட்டத்தில், எழுத்துக் கோணாமல் மெதுவாக எழுதினாள்: 'தங்கள் அன்புக்கு நன்றி. கட்டைவிரலில் வீக்கமும் கடும் வலியும் உள்ளன. செக்கிங் பிரிவுக்கு மாற்றிக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும். சிரமத்துக்கு மன்னிக்கவும்.'

கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அவளுடைய அப்பா சாகும்வரை கைநாட்டு வைத்தவர். தன் விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டு, இவள் தன் பெயரெழுதிக் கடைசி எழுத்தின் வாலை நீட்டிச் சுழிப்பதை வேடிக்கை பார்ப்பார். இந்த ஃபாரத்தில் அந்தச் சுழி பாதியில் நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்து எல்லோரையும் கூடத்தின் நடுவில் நிற்க வைத்தார்கள். மேலிடத்திலிருந்து வந்த மேலாளர் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேசினார். கைவலிக்காக நிறுவனம் எடுத்த அக்கறைக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. மதிப்பீடு செய்த ஊழியர் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருக்கிறார். கடைசி வாரத்தில் அவருடைய சராசரி மணிக்குத் தொண்ணூற்றெட்டு. நாற்பது மேசைக்கும் டிராக்பால் வருகிறது. இனி இலக்கு நூறு.

"இதர குறிப்புகள்னு ஒண்ணு எழுதியிருந்தேனே, சார்," என்று அவள் டீம் லீடரிடம் மெல்லக் கேட்டாள்.

"ரிப்போர்ட்ல மார்க் மட்டும்தான்க்கா ஏறும். அந்தக் கட்டத்தை யாரும் டைப் அடிக்கிறதில்லை." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க லெட்டரையும் குணமாயிடுச்சுன்னு போட்டு முடிச்சுட்டாங்க."

டீ மேசையில் ஒருவன், "எல்லாம் புயலக்கா புண்ணியம். தொண்ணூத்தெட்டை நூறுன்னு ரவுண்டாக்கிட்டாங்க," என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை.

"நீ பாட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டே. என் கண்ணு ஏற்கெனவே போச்சு. இப்ப விரலும் போகணுமாக்கா?"

மறுநாள் பழைய மவுஸ்களையெல்லாம் ஒரு கோணியில் போட்டுக் கட்டி எடுத்துப் போனார்கள். செக்கிங் நாற்காலியின் முதுகில் யாருடைய துண்டோ தொங்கியது.

இடது கைக்கு வேலை இல்லாமல் போனபின் எண்ணிக்கை எழுபதானது. அடுத்த வாரம் ஐம்பத்தெட்டு. கட்டைவிரலின் மேல் மற்ற விரல்களை வைத்து அழுத்தி உருட்டிப் பார்த்தாள். சாதனத்தைத் திருப்பி வைத்து ஆள்காட்டி விரலால் தள்ளிப் பார்த்தாள். மூன்றாவது வாரம் டீம் லீடர் அவளைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டான்.

"இதே டிராக்பால்லதான் தொண்ணூத்தெட்டு போட்டீங்க. இப்ப ஏன் மனசில்லாம வேலை செய்யறீங்கன்னு கேக்குறாங்கக்கா. நான் என்ன சொல்ல?"

"தம்பி, அந்த ரெண்டு வாரமும் நான் பழைய மவுஸை இடது கையில வெச்சுத்தான் ஓட்டினேன். டீக்குக்கூட எழுந்திருக்கலை. கவுண்ட் போயிடுமேன்னு பயந்து…"

அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"என்கிட்ட சொன்னீங்க, சரி. வெளியில சொல்லிடாதீங்க. பொய்யா காட்டினாங்கன்னு எழுதிட்டா அப்புறம் வேற எந்த எடத்துலயும் உங்களை எடுக்க மாட்டாங்க. அந்த ரிப்போர்ட்ல கீழ இருக்கறது என் கையெழுத்துக்கா."

"அப்ப என் கை, தம்பி?"

அவன் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

எண்ணிக்கை ஏறவில்லை; அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடைசி நாள் சாதனத்தைக் கீழ்த்தளத்து ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஸ்டோர்க்காரர் பென்சிலின் பின்முனையால் அடியிலிருந்து அழுத்த, சிவப்புப் பந்து டப்பென்று மேசையில் விழுந்து உருண்டது. குழிக்குள் கடுகளவில் மூன்று வெள்ளை மணிகள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. அவர் அதை நகத்தால் சுரண்டி ஒரு காகிதத்துண்டில் தட்டினார்.

"எவ்வளவு அழுக்கு பாருங்கம்மா."

"என் விரலோட தோலுங்க. ரெண்டு வாரமா பந்தைத் தள்ள முடியலை. மன்னிச்சுக்கங்க."

அவர் குழியை ஊதிவிட்டுப் பந்தைப் பொருத்தி, தன் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார். "சும்மா வழுக்கிட்டு ஓடுது. புதுசு மாதிரியே இருக்கு. நாளைக்கு வர்றவங்களுக்குக் கொடுத்துடலாம்." பெட்டியில் வைத்து மூடி, ஒரு படிவத்தை அவள் பக்கம் திருப்பினார்.

பேனா கட்டைவிரலில் நிற்கவில்லை. இரண்டு முறை நழுவி விழுந்தது. இடது கையால் ஒரு மூலையில் எழுதிக் காட்டினாள். அவர் அவளுடைய பழைய கையெழுத்திருந்த ரெக்கார்டைப் புரட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஒத்துப்போகலியேம்மா. பேசாம கைநாட்டு வெச்சிடுங்க." இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். "வலது கைதான். வாசல்ல விரல் வைக்கிற மெஷின்ல அதானே பதிஞ்சிருக்கு."

அவள் விரலை மையில் வைத்தாள். வீக்கத்தில் அது தாளில் படியவில்லை. அவர் எழுந்து வந்து, அவளுடைய கட்டைவிரலைத் தன் இரண்டு விரல்களால் பிடித்து அழுத்தி, இடமிருந்து வலமாக உருட்டினார்.

"வலிக்குதாம்மா?"

"பரவாயில்லீங்க."

கை துடைக்க அவர் அந்தக் காகிதத்துண்டையே மடித்து நீட்டினார். படிவத்தில் ரேகைகள் கலங்காத, பெரிய நீல வட்டம் ஈரமாக இருந்தது. அதற்கு மேலே அச்சில் ஒரு வரி: பழுது எதுவும் இன்றி, நல்ல நிலையில் திரும்பப் பெறப்பட்டது.