புத்தகத்தைப் பற்றி மட்டும்

எங்கள் நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்களுக்கு ஒரு சீட்டு கொடுப்போம். படித்ததைப் பற்றிக் கருத்து எழுதி, பெயருக்குப் பதிலாக உறுப்பினர் எண்ணைக் குறித்துப் பெட்டியில் போட வேண்டும். பதினான்கு கிளைகளும் அந்தச் சீட்டுகளைப் பட்டியலாகத் தட்டச்சு செய்து தலைமை நூலகத்துக்கு அனுப்பும். அவற்றைத் திருத்தி, மாதம் ஒருமுறை ‘வாசகர் கருத்து’ என்று ஒரு தாளாக அச்சிட்டு எல்லாக் கிளைகளின் சுவரிலும் ஒட்ட அனுப்புவது என் வேலை. தாளின் அடியில் ‘தொகுப்பு’ என்று என் பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, அதை மறைப்பானேன்.

விதிகளை எழுதியவனும் நானேதான். கருத்து ஐம்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும். புத்தகத்தைப் பற்றி மட்டும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விதி மட்டும் யார் காதிலும் ஏறாது. கோழி வளர்ப்பு நூலைப் படித்த ஒருவர், பக்கத்து வீட்டுச் சேவல் தன்னைத் தூங்க விடுவதில்லை என்று அரைப் பக்கம் புலம்பியிருந்தார். அறுநூறு பக்க நாவலைத் திருப்பித் தந்தவர், தலையணைக்கு உயரம் சரியாக இருந்தது என்று எழுதினார். விண்வெளி நூலுக்கு ஒருவர், ‘படங்கள் அருமை. எழுத்து இல்லாமல் இருந்தால் இன்னும் அருமை’ என்றார். அதை விட்டுவைத்தேன். புத்தகத்தைப் பற்றித்தானே சொல்கிறார்.

மற்றதையெல்லாம் சிவப்புப் பென்சிலால் அடிப்பேன். கிறுக்க மாட்டேன். அடிக்கோல் வைத்து ஒரே கோடு. அடியில் இருப்பதை யாரும் படிக்கலாம். அது என் தொழில் சுத்தம் என்று சொல்லித் திரிந்தேன்.

ஏழு மாதத்துக்கு முன்பு, மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஒரு கிளையிலிருந்து 2217 என்ற எண் வரத் தொடங்கியது. இன்ன நூல் என்றில்லாமல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்கிற எண். எழுதுகிறவர் ஒரு பெண் என்பது முதல் சமையல் நூலிலேயே தெரிந்துவிட்டது. ‘செய்முறைகள் தெளிவு. அளவுகள் சரி. உப்புக் குறைந்தால் என்ன செய்வது என்று இருக்கிறது. உப்புக் குறைந்ததற்காகத் தட்டு சுவரில் போய் விழுந்தால் என்ன செய்வது என்று இல்லை.’ நான் முதல் இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டேன்.

துப்பறியும் கதைக்கு, ‘கொலையாளி யாரென்று முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. கதையில் கதாநாயகியின் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள். எங்கள் வீட்டில் வெளியே’ என்று வந்தது. கடைசி இரண்டும் போயின. முதலுதவி நூலுக்கு, ‘தீக்காயத்துக்கான பகுதி பயன்பட்டது. எப்படிச் சுட்டது என்று மருத்துவர் கேட்டால் என்ன சொல்வது என்றும் எழுதியிருக்கலாம்.’ பயன்பட்டது என்பது போதும் என்று நினைத்தேன்.

பக்கத்து மேசையில் புத்தகப் பட்டியல் போடுபவரிடம் இதைப் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன். “இந்தம்மா அகராதியைக் கொடுத்தாலும் அழும் போலிருக்கு சார்” என்றேன். அவரும் சிரித்தார். இன்று அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒரே ஒருமுறை 2217-ஐப் பாராட்டினேன். கடல் பயணங்கள் பற்றிய நூலுக்கு அவள் எழுதியது: ‘கரை தெரியாத தூரத்திலும் மாலுமிகள் தினமும் எழுதி வைத்தார்கள். யாராவது படிப்பார்கள் என்ற நம்பிக்கைதான் காரணம். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.’ மூன்றாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, மற்ற இரண்டையும் ‘இம்மாதச் சிறந்த கருத்து’ என்று கட்டம் கட்டிப் போட்டேன்.

இந்த மாதப் பட்டியல் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. ஒரு குடும்ப நாவலுக்கு 2217 எழுதியிருந்தாள்: ‘கடைசிப் பக்கத்தை முதலில் படித்தேன். யாரும் சாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் தொடங்கினேன். சின்ன வயதிலிருந்து இப்படித்தான், அண்ணன் திட்டுவான். எனக்கு நடப்பதற்குக் கடைசிப் பக்கம் எங்கே என்று தெரியவில்லை.’

அடிக்கோலை வைத்தேன். ‘சின்ன வயதிலிருந்து’ தொடங்கிக் கடைசிவரை ஒரே கோடு. அடுத்த கருத்துக்குப் போனேன். அது மோட்டார் பழுதுபார்க்கும் நூல். யாரோ எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களைப் பற்றிக் குறை சொல்லியிருந்தார். அதன் பாதியில் என் கை நின்றுவிட்டது.

என் தங்கையை நான் ‘கடைசிப்பக்கம்’ என்றுதான் கூப்பிடுவேன். எந்தக் கதையானாலும் முடிவைப் பார்த்து, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா என்று எண்ணிவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாள். நான் திட்டுவேன். கல்யாணமாகி மூன்று வருடமாக அவள் இருப்பது அந்தக் கிளை இருக்கும் ஊரில்.

ஞாயிறுதோறும் அவளோடு போனில் பேசுகிறேன். “நல்லா இருக்கேண்ணா” என்பாள். நான் அடுத்ததைக் கேட்பதற்குள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் வரும். “உங்க தங்கச்சிக்கு இங்க என்ன குறை மச்சான்?” போன் அவருடையது; ஸ்பீக்கரில்தான் பேச்சு. நான் நேரில் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் வரச் சொல்லவில்லை, எனக்கும் வேலை இருந்தது. பிறர் எழுதியதைச் சரிபார்க்கும் வேலை!

அலமாரியிலிருந்து ஏழு மாதப் பட்டியல்களை எடுத்து மேசையில் பரப்பினேன். கோட்டுக்கு அடியில் இருந்ததை மட்டும் வரிசையாகப் படித்தேன். எதுவும் அழியவில்லை. நான் வேண்டாம் என்று ஒதுக்கியதைச் சேர்த்துப் படித்தால் அது முழுக் கடிதம். பட்டியல்காரர் “என்ன சார், முகமே சரியில்ல?” என்றார். பதில் சொல்ல நிற்காமல் பஸ் பிடித்தேன்.

இறங்கியதும் நேராகக் கிளை நூலகத்துக்குப் போனேன். மனதின் ஒரு மூலையில் இது வேறு யாரோ என்ற நப்பாசை இருந்தது. தட்டச்சு செய்யும் பெண்ணிடம் 2217-இன் சீட்டுகளைக் கேட்டேன். ஒரு உறையில் தனியாகப் போட்டு வைத்திருந்தாள். தங்கையின் கையெழுத்துதான். முதலில் நேராக இருந்தது, முதலுதவிச் சீட்டில் கோணியிருந்தது.

“சனிக்கிழமை அவங்க வீட்டுக்காரர் கூட்டிட்டு வருவார் சார். வாசல்ல நின்னு நம்ம தாளைப் படிச்சுட்டு இருப்பார். அந்த நேரத்துல எழுதிப் போட்டுடுவாங்க” என்றாள் அந்தப் பெண். பிறகு தயங்கினாள். “நான் நேர்ல கேட்டப்போ கையெடுத்துக் கும்பிட்டு, ‘அப்படியே டைப் அடிச்சு அனுப்பும்மா, அது போதும்’னாங்க. ஒரு எழுத்துக்கூட விடாம அனுப்பினேன். நீங்க பாத்துப்பீங்கன்னு நினைச்சேன் சார்.”

தலை குனிந்து வெளியே வந்தேன்.

வீடு அடுத்த தெருவில். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கும் நேரம். கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. பூட்டுக்கூட இல்லை, வெறும் தாழ்ப்பாள். தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மேல் வந்த கோபத்தை என் மேல் திருப்பிக்கொண்டு, தாழ்ப்பாளை இழுத்தேன்.

அவள் கூடத்தில் நின்றிருந்தாள். வலது மணிக்கட்டில் ஆறிய தழும்பு. மெலிந்து போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். “சாப்டியாண்ணா?” என்றாள். நான்தான் அழுதேன்.

“கிளம்பும்மா” என்றேன்.

“ஆறு மணிக்கு வந்துடுவாரு.”

“வரட்டும். நாம இருக்க மாட்டோம்.”

ஒரு பையில் நாலு துணியை அடைத்தாள். அதன் மேல் நூலகப் புத்தகம் ஒன்றை வைத்தாள். “இதைக் கொடுத்துட்டுப் போயிடலாம். நாள் தாண்டிப் போகுது” என்றாள். அந்த ஊரில் அவள் பாக்கி வைக்க விரும்பாதது அது ஒன்றுதான்.

கிளையில் தட்டச்சுப் பெண் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் ஒரு சீட்டை நீட்டினாள். தங்கை அதைத் திருப்பிக் கொடுத்தாள். “இன்னிக்கு வேணாம்மா. நேர்லயே சொல்லிக்கறேன்.”

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். பையை மடியில் கட்டிப்பிடித்திருந்தாள். வருகிற ஒவ்வொரு வண்டியையும் பயந்து பயந்து பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“நீன்னு தெரியாம வெட்டிட்டேம்மா. ஏழு மாசம்... எல்லாத்தையும் நானே வெட்டிட்டேன்.”

“நீ வெட்டுவேன்னு எனக்குத் தெரியும்ணா” என்றாள். “வெட்டலைன்னா அதை அவரும்ல படிச்சிருப்பாரு? வெட்டணும்னுதான் நானும் வேண்டிக்கிட்டேன்.”

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெட்டுறதுக்காவது ஒரு தடவை படிப்பேல்லன்னு நினைச்சேன்.”